குரோமோசோம்களை எண்ணிப் பார்த்த ஜானகி அம்மாள்

பொங்கலுக்கு வாங்கும் கரும்பையும், சர்க்கரை ஆலைக்கு லாரியில் போகும் கரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொங்கல் கரும்பு தடித்திருக்கும், கருஞ்சிவப்பாக இருக்கும், பல்லாலேயே தோலை உரித்துவிடலாம். ஆலைக் கரும்பு ஒல்லி. தோல் கெட்டி, நார் அதிகம், கடித்தால் ஈறு கிழியும். ஆனால் வறட்சி, தேங்கிய தண்ணீர், நோய் என்று எது வந்தாலும் ஓரளவு தாங்கி நிற்பது இந்த ஒல்லிக் கரும்புதான். வெட்டிய பிறகு கட்டையிலிருந்து மறுபடி நன்றாகத் துளிர்ப்பதும் இதுதான்.

இரண்டையும் கரும்பு என்றே சொல்கிறோம். செல்லுக்குள் போய் எண்ணினால் கணக்கு வேறு. கடித்துத் தின்னும் தடித்த கரும்பில் பெரும்பாலும் 80 குரோமோசோம்கள். ஆலைக் கரும்பில் 100-க்கு மேல். ரகத்துக்கு ரகம் மாறி 130 வரைகூடப் போகும். அந்த அதிகப்படி குரோமோசோம்கள் எங்கிருந்து வந்தன?

இதற்குப் பதில் தேடிப் போனால் ‘பன்மடியம்’ என்ற கருத்தில் போய் நிற்போம். தாவர மரபியலைப் புதிதாகப் படிப்பவர்களைக் கொஞ்சம் மிரட்டுகிற சொல் அது. எனக்கு அது பிடிபட்டது ஒருவருடைய வாழ்க்கையைப் படித்தபோதுதான். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்து, மதுரவாயலில் கண்மூடிய எடவலத் கக்கட் ஜானகி அம்மாள்தான் அவர். செடிகளின் குரோமோசோம்களை எண்ணுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். அதனால் அவர் கதையையும் இந்தக் கருத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. நீண்ட இழைகளாக இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியப் போகும்போது இந்த இழைகள் நூல்கண்டு மாதிரி இறுகச் சுற்றிக்கொண்டு, குட்டையான தடித்த துண்டுகளாகிவிடும். சாயம் ஏற்றினால் நுண்ணோக்கியில் தெரியும். அவைதான் குரோமோசோம்கள். பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்கு வெங்காய வேர்நுனிச் சோதனை ஞாபகம் இருக்கும். வெங்காயத்தின் அடிப்பக்கம் தண்ணீரைத் தொடும்படி வைத்து, வேர் விட்டதும் நுனியை நறுக்கி, அசிட்டோகார்மைன் சாயத்தில் போட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்ப்போம். அதிர்ஷ்டம் இருந்தால், சரியான கட்டத்தில் பிரிந்துகொண்டிருக்கும் ஒரு செல் கண்ணில் படும். அதில் 16 துண்டுகள் இருக்கும்.

அந்தப் பதினாறில் எட்டு, தாய்ப்பூவின் சூலிலிருந்து வந்தவை. மற்ற எட்டு மகரந்தத்தில் வந்தவை. எட்டு சேர்ந்தது ஒரு முழுத் தொகுதி. வெங்காயச் செடி ஒன்றை உண்டாக்கத் தேவையான எல்லாக் குறிப்பும் ஒரு தொகுதிக்குள் அடங்கும். வெங்காயம் அதை இரண்டு பிரதியாக வைத்திருக்கிறது. இப்படி இரண்டு தொகுதி உள்ளவற்றை இருமடியம் என்பார்கள். நாமும் இருமடியம்தான்: 23-ம் 23-ம் சேர்ந்து 46. நெல்லுக்கும் கத்திரிக்கும் 24, மக்காச்சோளத்துக்கு 20. எண்ணிக்கை கூடினால் உசத்தி என்று எதுவும் இல்லை. உருளைக்கிழங்குக்கு 48, நம்மைவிட இரண்டு அதிகம்.

அந்த உருளைக்கிழங்கைக் கொஞ்சம் கவனியுங்கள். அதன் ஒரு தொகுதி 12. அப்படியென்றால் 48 என்பது நான்கு தொகுதி. ரொட்டி, சப்பாத்திக்கான கோதுமையில் ஒரு தொகுதி 7, மொத்தம் 42, ஆறு தொகுதி. தடித்த கரும்பின் 80 என்பது பத்துப் பத்தாக எட்டுத் தொகுதி. விலங்குகள் பெரும்பாலும் இரண்டோடு நின்றுவிடுகின்றன. தாவரங்கள் மூன்று, நான்கு, ஆறு, எட்டு என்று அடுக்கிக்கொண்டே போகின்றன. இரண்டுக்கு மேல் தொகுதிகள் இருப்பதுதான் பன்மடியம். கருத்து இவ்வளவுதான். சிக்கலும் சுவாரசியமும் இதன் விளைவுகளில் இருக்கின்றன.

தொகுதி எப்படிக் கூடுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பிசகால்தான். செல் தன் குரோமோசோம்களைப் பிரதி எடுத்துவிட்டு, இரண்டாகப் பிரியாமல் நின்றுவிடும். அல்லது மகரந்தமோ சூல்செல்லோ உண்டாகும்போது எண்ணிக்கை பாதியாகாமல் முழுசாகவே போய்விடும். விலங்குகளில் இப்படி ஆனால் கரு பெரும்பாலும் பிழைக்காது. செடி தாங்கிக்கொள்ளும்.

ஆனால் விதை வைப்பதில்தான் சோதனை வரும். மகரந்தமும் சூல்செல்லும் உண்டாகும்போது எண்ணிக்கை பாதியாக வேண்டுமே, அதைக் கண்டபடி செய்ய முடியாது. இரண்டு பக்கமும் முழுத் தொகுதி போய்ச் சேர வேண்டும். அதனால் ஒத்த குரோமோசோம்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே ஜோடி சேர்ந்து நிற்கும். பிறகு ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் விலகும். கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரில் தனக்கான ஆள் நின்றால்தான் கோலைத் தட்ட முடியும். இரண்டு தொகுதி இருந்தால் எல்லோருக்கும் ஜோடி உண்டு. நான்கு இருந்தாலும் ஒருவாறு சமாளிக்கலாம். மூன்று தொகுதி இருந்தால்? ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர் ஜோடியில்லாமல் நிற்பார். அவர் எந்தப் பக்கம் போவார் என்பதற்கு ஒழுங்கே இல்லை. ஆட்டம் குலைந்துவிடும். மகரந்தமும் சூலும் அரைகுறையாகும், விதை பிடிக்காது.

இதற்கான சான்றை நாம் அடிக்கடி தின்றுகொண்டிருக்கிறோம். காட்டு வாழையில் 22 குரோமோசோம்கள். பழத்தை உரித்தால் உள்ளே கல் மாதிரி கருப்பு விதைகள். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன் எல்லாவற்றிலும் 33. மூன்று தொகுதி, அதாவது மும்மடியம். அதனால்தான் விதையில்லை. பழத்தின் நடுவில் தெரியும் சின்னக் கரும்புள்ளிகள், விதையாக முடியாமல் நின்றுபோனவை. அதனால்தான் தலைமுறை தலைமுறையாகப் பக்கக்கன்றை எடுத்து நட்டு வாழையைப் பெருக்குகிறோம். (ஏலக்கி போன்ற சில ரகங்கள் 22-உடன் இருப்பது, அது வேறு கதை.)

சரி, ஜானகி அம்மாளிடம் வருவோம். 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4 அன்று பிறந்தார். அப்பா கிருஷ்ணன் நீதித்துறையில் இருந்தவர். செடிகொடி, பறவைகள் மீது ஆர்வம் கொண்டவர். பெரிய குடும்பம். அக்காலத்தில் அந்த வயதுப் பெண்களுக்குக் கல்யாணம்தான் அடுத்த கட்டம். ஜானகி சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். 1921-இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். அப்புறம், ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட செடிகளில் ஒன்று நம் கத்திரி. இயல்பான கத்திரியில் 24. அவர் ஆராய்ந்தது அதைவிடக் கூடுதல் தொகுதி கொண்ட பன்மடியக் கத்திரியை. குரோமோசோம் கூடினால் செடியின் உருவம், மகரந்தம், விதை எல்லாம் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார். 1931-இல் அங்கேயே அறிவியல் முனைவர் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பித் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டு ஆண்டு பேராசிரியர். 1934-இல் கோயம்புத்தூர்.

கோயம்புத்தூருக்கு ஏன் போனார் என்பதைப் புரிந்துகொள்ளக் கரும்பின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

விவசாயிக்குக் கரும்பு என்றால் கரணை. கணுவோடு வெட்டி நடுவார்கள், அதே கரும்பு முளைக்கும். புதிய ரகம் வேண்டுமென்றால் பூவும் விதையும் வேண்டும். வட இந்தியாவின் குளிரில் கரும்பு சரியாகப் பூத்து விதை வைக்காது. கோயம்புத்தூரின் காற்றும் வெப்பமும் அதற்கு வாகாக இருந்தன. அதனால் 1912-இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். தாவரவியலாளர்கள் சார்லஸ் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் அங்கே ஒரு துணிச்சலான கலப்பைச் செய்தார்கள். ஒரு பக்கம் தடித்த, இனிப்பான கரும்பு. ஆஃபிசினாரம் என்பது அந்த இனத்தின் பெயர். மறுபக்கம் ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் தானாக வளரும் நாணல் மாதிரியான காட்டுக்கரும்பு. ஸ்பொன்டேனியம் என்ற இனம். தண்டு விரல் தடிமன்கூட வராது, இனிப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் எதற்கும் அசையாது. 1918-இல் வெளியான கோ 205 என்ற ரகம் இந்தக் கலப்பில் பிறந்தது. ‘கோ’ என்றால் கோயம்புத்தூர்.

பேய்க்கரும்பு என்று நம் ஊரில் சொல்வது இந்தக் காட்டுவகையைத்தான். பட்டினத்தார் கையில் வைத்திருந்த பேய்க்கரும்பின் நுனி திருவொற்றியூரில் இனித்தது என்பது நம்மிடம் வழங்கும் கதை. அது பக்தர்களின் கதை. கோயம்புத்தூரில் நடந்தது, மகரந்தத்தை எடுத்துத் தூவி, மயிர்போல் மெல்லிய விதைகளை முளைக்கவைத்து, பல்லாயிரம் நாற்றுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்த வேலை. இருந்தாலும் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வருகின்றன.

இப்போது கணக்குப் போடுவோம். தாய், தடித்த கரும்பு: 80. தந்தை, கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காட்டுக்கரும்பு: 64. பாதிப் பாதி வந்தால் 40-ம் 32-ம் சேர்ந்து பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 112. இது எப்படி? 112-இலிருந்து தந்தையின் 32-ஐக் கழியுங்கள். மீதி 80. தாய் தன் பங்கைப் பாதியாக்காமல் முழுசாகவே கொடுத்துவிட்டிருக்கிறாள். தடித்த கரும்பைத் தாயாகவும் காட்டுக்கரும்பைத் தந்தையாகவும் வைத்தால் இப்படித்தான் நடக்கிறது என்பதை, ஜாவாவில் கரும்பை ஆராய்ந்த டச்சு விஞ்ஞானி பிரேமர் 1920-களில் எண்ணிக் கண்டுபிடித்தார்.

இதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள். முதல் தலைமுறையிலேயே பிள்ளைக்குத் தாயின் இனிப்பு முழுத் தொகுதிகளாக வந்துவிடுகிறது. காட்டுக்கரும்பின் கடினத் தன்மையும் கூடவே வருகிறது. அந்தப் பிள்ளையை மறுபடி தடித்த கரும்போடு கலந்தால் இனிப்பு இன்னும் ஏறும், காட்டின் பங்கு குறையும், ஆனால் அழிந்துவிடாது. கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஆலைக் கரும்பின் அதிகப்படி குரோமோசோம்கள் பேய்க்கரும்பு கொடுத்தவை. அதன் நாரும், கெட்டித் தோலும், நோய் தாங்கும் உடம்பும் அதே இடத்திலிருந்து வந்தவை.

இந்த வேலைக்குத்தான் எண்ணத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். வெங்காயத்தின் 16-ஐ எண்ணுவது மாணவர் வேலை. கரும்பின் குரோமோசோம்கள் சின்னவை, நூறுக்கும் மேலே, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். ஒரு தகட்டில் சரியாகப் பரந்து கிடக்கும் ஒரே ஒரு செல்லைத் தேடி மணிக்கணக்கில் கண்ணை நுண்ணோக்கியில் வைத்திருக்க வேண்டும். கிடைத்ததை வரைந்து எண்ண வேண்டும். ஒரு செல்லை நம்ப முடியாது. பல செல்களில் அதே எண் வர வேண்டும்.

ஜானகி அம்மாள் இந்தியாவின் பல இடங்களிலிருந்து வந்த காட்டுக்கரும்புகளை எடுத்து எண்ணினார். இனம் ஒன்றுதான், ஆனால் இடத்துக்கு இடம் எண் வேறுபட்டது. ஒரே பெயருக்குள் இத்தனை எண்கள் இருப்பது, அந்தப் புல் இந்த மண்ணில் நெடுங்காலமாகப் பரவி, பெருகி, தனக்குள் தொகுதிகளைக் கூட்டியும் கலந்தும் வந்திருப்பதைக் காட்டுகிறது. இன்னொரு பக்கம், கரும்பைத் தொலைவுச் சொந்தங்களோடு கலந்து பார்த்தார்: எரியாந்தஸ், இம்பெரேட்டா போன்ற புற்கள், அப்புறம் மக்காச்சோளம். கரும்பும் மக்காச்சோளமும் கலந்த செடியைப் பற்றி 1938-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இதையெல்லாம் வயலில் நட்டு லாபம் பார்ப்பதற்காகச் செய்யவில்லை. எது எதற்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதைக் கலப்பு காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு தூரத்துச் சொந்தத்தோடு கலந்தும் கரும்பு எப்படிப் பிழைக்கிறது? அதற்கும் பன்மடியம்தான் காரணம். இரண்டே தொகுதி உள்ள செடியில் ஒரு குரோமோசோம் காணாமல் போனாலோ, அந்நியமான ஒன்று உள்ளே வந்தாலோ பெரும் சேதம். எட்டுத் தொகுதி வைத்திருக்கும் கரும்பில் ஒரு பிரதி கெட்டாலும் மற்ற ஏழு வேலையைப் பார்த்துக்கொள்ளும். பெரிய கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் படுத்துக்கொண்டாலும் அடுப்பு எரிவது மாதிரி.

கோயம்புத்தூர் ஆண்டுகள் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. ஆண்கள் நிறைந்த இடத்தில் திருமணம் செய்துகொள்ளாமல் தனியாக வாழ்ந்த பெண், அதிலும் தீயர் சமூகத்தில் பிறந்தவர். பெண் என்பதாலும் சாதியாலும் அவர் பாகுபாட்டைச் சந்தித்ததாக அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சூழலிலும், சி. வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தில் 1935-இல் உறுப்பினரானார். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபமும் மரியாதையும் ஒன்றாக வருகின்றன.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. அதற்குப் போனார். இரண்டாம் உலகப் போர் வெடித்தது, திரும்ப முடியவில்லை. லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். குண்டு விழுந்துகொண்டிருந்த நகரத்தில் உட்கார்ந்து, செல்லியல் அறிஞர் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்களைத் திரட்டினார். 1945-இல் அது ‘பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்’ என்ற நூலாக வந்தது.

அந்த நூலைப் புரட்டினால் கதை எதுவும் இருக்காது. செடியின் பெயர், எண், எந்த நாட்டுக்குரியது, எதற்குப் பயன்படுகிறது என்று பக்கம் பக்கமாகப் பட்டியல். உலகெங்கும் புதிய ரகம் உருவாக்க முயன்றவர்கள் அதைக் கையருகே வைத்திருந்தார்கள் என்றால் காரணம் இருக்கிறது. பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கருங்கண்ணி மாதிரி நாட்டுப் பருத்தியில் 26 குரோமோசோம்கள். அமெரிக்கப் பருத்தியில் 52. எண் தெரியாமல் இரண்டையும் கலந்தால் பிள்ளைக்கு 13-ம் 26-ம் சேர்ந்து 39. மூன்று தொகுதி. வாழைக்கு வந்த அதே நிலை. கோலாட்டத்தில் ஜோடி இல்லை, விதை இல்லை. பல ஆண்டு உழைப்பு வீணாகும் முன்பே அட்லஸ் எச்சரித்துவிடும்.

அமெரிக்கப் பருத்தியின் 52 எப்படி வந்தது என்பதும் கேட்க வேண்டிய கதை. அதில் 26 நம் நாட்டுப் பருத்தியின் உறவு. மீதி 26 அமெரிக்கக் கண்டத்துக் காட்டுப் பருத்தியின் உறவு. மனிதர் விவசாயம் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே இந்த இரண்டும் சந்தித்துக் கலந்து, பிறகு எண்ணிக்கை இரட்டித்திருக்கிறது. கலந்ததோடு விடாமல் ஏன் இரட்டிக்க வேண்டும்?

இதை விளக்க முள்ளங்கியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1920-களில் சோவியத் விஞ்ஞானி கார்ப்பெச்சென்கோ முள்ளங்கியையும் முட்டைக்கோஸையும் கலந்தார். இரண்டுக்கும் 18. பிள்ளைக்கும் 9-ம் 9-ம் சேர்ந்து 18. எண் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் முள்ளங்கியின் ஒன்பதும் கோஸின் ஒன்பதும் ஒன்றுக்கொன்று அந்நியம். எதிரெதிரே நின்றாலும் கோல் தட்டாது. செடி வளர்ந்தது, ஏறக்குறைய மலடாக நின்றது. பிறகு அபூர்வமாகக் கிடைத்த சில விதைகளில் எண்ணிக்கை இரட்டித்து 36 ஆகியிருந்தது. இப்போது முள்ளங்கியின் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தன் பிரதியே எதிரில் நிற்கிறது. கோஸுக்கும் அப்படியே. ஆட்டம் ஒழுங்காக நடந்தது, விதை பிடித்தது. முள்ளங்கிக் கிழங்கும் கோஸ் இலையும் ஒரே செடியில் வரும் என்ற ஆசை மட்டும் நிறைவேறவில்லை. ஆனால் ஒரு புதிய இனம் பிறக்கும் வழி கண்முன்னே தெரிந்துவிட்டது.

ஆக, பன்மடியத்தில் இரண்டு வகை. தன் தொகுதியையே கூட்டிக்கொள்வது ஒன்று. தன்பன்மடியம் என்று பாடநூல் சொல்லும். வேறு இனத்தின் தொகுதியைச் சேர்த்துக்கொள்வது இன்னொன்று, அயல்பன்மடியம். உருளைக்கிழங்கு முதல் வகை. பருத்தி, கோதுமை இரண்டாம் வகை. ஆலைக் கரும்பில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் அது இன்றுவரை மரபியலாளர்களைத் திணறவைக்கிறது.

இயற்கையின் பிசகுக்குக் காத்திராமல் நாமே எண்ணிக்கையை இரட்டிக்க முடியுமா? முடியும். அதற்கு கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் வேண்டும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துப் போக மெல்லிய இழைகள் உண்டாகும். கோல்ச்சிசின் அந்த இழைகள் உருவாகவிடாது. பிரதி எடுத்தாயிற்று, ஆனால் இழுத்துப் பிரிக்க ஆள் இல்லை. எல்லாம் ஒரே செல்லில் தங்கிவிடும்; எண் இரட்டிக்கும். 1937-இல் பிளேக்ஸ்லியும் ஏவரியும் ஊமத்தையில் இதைச் செய்து காட்டிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கோல்ச்சிசின் நம் காந்தளிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான அதே செங்காந்தள்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பந்தல் போட்டு வளர்ப்பதும் இந்த மருந்துப்பொருளுக்காகத்தான். கடும் விஷம், விளையாட்டாகத் தொடக்கூடாது.

போர் முடிந்ததும் ஜானகி அம்மாள் இங்கிலாந்தின் விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் செல்லியல் ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கே மக்னோலியா கோபஸ் என்ற மரத்தின் நாற்றுகளுக்குக் கோல்ச்சிசின் கொடுத்தார். அந்த மரத்தின் இயல்பான எண் 38, இரட்டித்தால் 76. எண்ணிக்கை கூடினால் செல் பெரிதாகும். செல் பெரிதானால் இலை தடிக்கும், இதழ் அகலும், இலைத்துளைகள்கூடப் பெரிதாகும். நுண்ணோக்கியில் இலைத்துளையின் அளவைப் பார்த்தே பன்மடியமாக இருக்கலாம் என்று முதல் ஊகம் செய்வார்கள். எல்லாச் செடிக்கும் இது நன்மை என்று நினைத்துவிடக் கூடாது. வளர்ச்சி மந்தமாகலாம், விதை குறையலாம், தொகுதி மிக அதிகமானால் செடி குன்றிப் போகலாம். மக்னோலியாவில் நன்றாக வந்தது. அந்த ரகத்துக்கு ‘ஜானகி அம்மாள்’ என்றே பெயர். விஸ்லியில் அவர் கைப்பட்ட மக்னோலியாக்கள் இன்னும் பூக்கின்றன.

1951-இல் நேரு அழைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு. அலகாபாத்தில் மத்திய தாவரவியல் ஆய்வுக்கூடத்தை நடத்தினார்; பிறகு ஜம்மு, மும்பையின் டிராம்பே. பதவிகளைவிட, அந்தக் காலத்தில் அவர் கேட்ட ஒரு கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இமயமலையின் வடகிழக்குப் பகுதியில் தாவர இனங்கள் குவிந்து கிடக்கின்றன. வடமேற்கில் அவ்வளவு இல்லை. ஏன்? வடகிழக்கின் குளிர்ந்த ஈரமான சூழலில் பன்மடியம் அதிகம், புதிய இனங்கள் பிறக்க அதுவே வழி விட்டது என்று அவர் வாதிட்டார். சீனப் பகுதித் தாவரங்களும் மலேயாப் பகுதித் தாவரங்களும் அங்கே வந்து உள்ளூர்ச் செடிகளோடு கலந்ததையும் சேர்த்துச் சொன்னார். கலப்பு, இரட்டிப்பு: கரும்பு வயலிலும் முள்ளங்கிப் பாத்தியிலும் நடந்ததை ஒரு மலைத்தொடர் அளவுக்கு விரித்துப் பார்த்திருக்கிறார்.

1970-இல் சென்னைக்குத் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் களக்கூடம் மதுரவாயலில் இருந்தது. அங்கேயே தங்கி மூலிகைச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். 1977-இல் பத்மஸ்ரீ. அந்த ஆண்டுகளில்தான் கேரளத்தின் சைலன்ட் வேலியில், குந்திப்புழாவின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டத்துக்கு எதிராகக் குரல் எழுந்தது. இனிப்புக் கரும்பையும் கத்திரியையும் ஆராய்ந்த கை, யாரும் பயிரிடாத காட்டு மரங்கள் பக்கம் திரும்பியது. பள்ளத்தாக்கு தண்ணீருக்குள் போவதற்கு முன் அந்த மரங்களின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவு செய்துவிட வேண்டும் என்று கிளம்பினார். எண்பது வயதை ஒட்டிய காலம் அது.

அந்த வயதில் ஏன் எண்ண வேண்டும்? கோயம்புத்தூரில் அவர் பார்த்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பேய்க்கரும்பை ஒரு காலத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அது ஆற்றங்கரையிலிருந்து அழிந்துபோயிருந்தால் கோ 205 இல்லை. காட்டில் எந்தப் புல்லுக்குள், எந்த மரத்துக்குள் என்ன தொகுதி இருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கும்வரை தெரியாது.

1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 15 அன்று சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அணை கட்டப்படவில்லை, அவர் எண்ணக் கிளம்பிய மரங்கள் தண்ணீருக்குள் போகவில்லை.